கோபித்துக்கொண்ட புவியீர்ப்பு

லாரிகளை எடைபோடும் வேலையில் இருந்த அவருக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் உம்மணா. உம்மணாமூஞ்சி என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. சண்டை போடுகிற மனிதர் இல்லை அவர். யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான். சிலருக்குப் பாட்டு வருவதுபோல, சிலருக்குக் கணக்கு வருவதுபோல, அவருக்குக் கோபித்துக்கொள்ள வந்தது.

விளையும் பயிர் முளையிலேயே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், பாதி வழியில் யாரோ "ஓடுடா குண்டா!" என்று உற்சாகப்படுத்தப்போக, அங்கேயே நின்று மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்தன்று புகைப்படக்காரர், "மாப்பிள்ளை சார், கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னவாம்?" என்று கேட்டார். அந்த ஆல்பத்தில் இன்றைக்கும் மணப்பெண் பக்கத்தில் ஒரு காது மட்டும்தான் தெரிகிறது.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். முதல் வருடம் கெஞ்சினார், கொஞ்சினார், பின்னாலேயே தட்டை ஏந்திக்கொண்டு நடந்தார். பிறகு ஒரு நாள், "ஒரு வேன் நிறைய பிள்ளைங்களைச் சமாதானப்படுத்திட்டு வீட்டுக்கு வரேன். இங்க இன்னொண்ணுக்கு எங்கிட்ட தெம்பு இல்லைங்க" என்று கைகழுவிவிட்டார். அன்றிலிருந்து உம்மணா கோபித்துக்கொண்டால், மனைவி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இதுதான் உம்மணாவுக்குப் பெரிய துன்பம். கெஞ்ச ஆள் இல்லாத கோபம் ஈரத்துணி மாதிரி தோளிலேயே கிடக்கும். உதறவும் முடியாது, காயவும் காயாது.

எடைமேடையில் அவர் உட்காரும் அறை கண்ணாடிப் பெட்டி போல இருக்கும். வெளியே தரையோடு தரையாக இரும்புத் தகடு. லாரி அதில் ஏறி நிற்கும், உள்ளே சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும், அவர் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். சீட்டை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிற டிரைவர் அடுத்த முறை வந்தால், உம்மணா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார். டிரைவர்களுக்கு அது பழகிவிட்டது. "அண்ணன் இன்னைக்கு யார் மேலயோ காண்டா இருக்கார்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கிளம்புவார்கள்.

மாடியில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் குடியிருந்தார். பாடம், இயற்பியல். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். டீச்சருடைய அண்ணன் மனநல டாக்டர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வருவார். சாப்பாடு ஆரம்பிக்கும்போது மாப்பிள்ளை, மச்சான் என்று கொஞ்சிக்கொள்ளும் இருவரும், கை கழுவும்போது கைகலப்புக்கு நெருங்கியிருப்பார்கள். கீழே உம்மணா வீட்டில் எல்லாம் கேட்கும்.

"இந்தக் காலத்துல எல்லாருக்கும் மன அழுத்தம் மாப்பிள்ளை."

"அழுத்தம்னா விசையைப் பரப்பளவால வகுக்கணும் மச்சான். மனசோட பரப்பளவு என்ன? அதைச் சொல்லுங்க முதல்ல."

"மனசு கனத்துப் போச்சுன்னு ஒருத்தன் வந்து அழறான். அவன்கிட்ட போய் எத்தனை கிலோன்னு கேக்கச் சொல்றீங்களா?"

"கேட்டா என்ன தப்பு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கரண்டியை மேஜைமேல் வைத்த சத்தம் கீழ்வீட்டுப் பாத்திரங்களை அதிரவைத்தது. "ரெண்டு பேரும் இதை ஒரு நாடகமா எழுதித் தொலைங்க! டிக்கெட் வாங்கினவங்களாவது கேக்கட்டும். நான் எதுக்கு இலவசமா கேக்கணும்?"

அவர் எரிச்சலில் சொன்னது. அவர்கள் எழுதிவிட்டார்கள்.

நாடகத்தின் பெயர், 'விழுந்தால் யார் பொறுப்பு?' கதை இதுதான். புவியீர்ப்பு மனம் நொந்துபோய் ஒரு மனநல டாக்டரிடம் சிகிச்சைக்கு வருகிறது. கண்ணாடித் தம்ளர் உடைந்தால் அதன்மேல் பழி, மாடிப்படியில் ஆள் உருண்டால் அதன்மேல் பழி, வயதானால் கன்னம் தொங்குவதற்கும் அதன்மேல்தான் பழி. எல்லாரையும் காலம்காலமாகத் தரையில் நிற்கவைத்ததற்கு ஒரு நன்றி உண்டா என்றால், இல்லை. டாக்டராக நடிக்க டீச்சரே ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்களும் பேசுவதை ஆண்டுக்கணக்கில் கேட்டவருக்கு, நோயாளி பேசுவதைக் கேட்பது கஷ்டமா என்ன? புவியீர்ப்புக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. முதலில் வங்கியில் காசாளராக இருந்த ஒருவரைப் போட்டார்கள். அவருக்கு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து முகம் அப்படியே நின்றுவிட்டது. "எல்லாரும் என்னை வெறுக்குறாங்க டாக்டர்" என்று அவர் சொன்னால், லோன் கிடைத்துவிட்டது என்று சொல்வது போல இருந்தது.

அந்த வாரம் மோட்டார் சுவிட்சைப் போடக் கீழே வந்த பேராசிரியர், வாசல் பக்கம் கண்ட காட்சியில் அப்படியே நின்றார். உம்மணா ஒரு ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் தொங்கியிருந்தன. கழுத்து தொங்கியிருந்தது. உதடு எல்லாவற்றையும்விடக் கீழே தொங்கியது. கொஞ்சம் தள்ளி அவர் மனைவி வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டிருந்த துணி, உம்மணாவுக்கு மிகவும் பிடித்த சட்டை.

"மச்சான்!" என்று பேராசிரியர் மாடியைப் பார்த்துக் கூவினார். "ஓடி வாங்க, ஆள் கிடைச்சாச்சு!"

உம்மணா முதலில் மறுத்தார். மறுத்தாரென்றால், ஸ்டூலைச் சுவருக்கு இன்னும் நெருக்கி நகர்த்திக்கொண்டார். வேனுக்குப் பின்னாலிருந்து மனைவி, "கூட்டிட்டுப் போங்க சார், சாயங்காலம் வீடு காத்தோட்டமா இருக்கும்" என்றார். அந்த வார்த்தைக்காகவே கோபித்துக்கொண்டு அவர் மாடிப்படி ஏறிவிட்டார்.

ஒத்திகைக்கு முன்னால் டாக்டர் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். நடிப்பவரின் ஆழ்மனதைத் தோண்டினால் பாத்திரம் தானாக வெளியே வரும் என்பது அவர் கட்சி.

"சின்ன வயசுல உங்களை யாராவது கைவிட்டிருக்காங்களா?"

உம்மணா யோசித்தார். "ஆமா சார். எங்க சித்தப்பா."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "சொல்லுங்க, மனசு விட்டுச் சொல்லுங்க."

"என்னை மேல தூக்கிப் போட்டுப் போட்டுப் பிடிப்பார். ஒரு தடவை மேல போயிருக்கும்போது யாரோ அவரைக் கூப்பிட்டாங்க. யாருன்னு திரும்பிப் பார்த்தார். கைவிட்டுட்டார்."

டாக்டரின் கண் கலங்கிவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்ட பேராசிரியர் தலையை நீட்டி, "எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டார்.

ஒத்திகைகள் மாடி ஹாலில் நடந்தன. உம்மணாவுக்கு வசனம் மனப்பாடமாக ரொம்ப நாள் ஆயிற்று. ஆனால் வசனம் இல்லாத இடங்களில் அவரை யாரும் அசைக்க முடியாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் போதும், அறையே கனத்துவிடும். "பாருங்க மச்சான், இதுதான் நிறை!" என்று பேராசிரியர் பூரிப்பார். "இல்லை மாப்பிள்ளை, இது குறை" என்பார் டாக்டர்.

தகராறு கடைசிக் காட்சியில் வந்தது. குணமான புவியீர்ப்பு லேசாகி மேலே எழும்ப வேண்டும் என்றார் டாக்டர். புவியீர்ப்பு மேலே எழும்பினால் நான் கல்லூரிக்குள் தலைகாட்ட முடியாது என்றார் பேராசிரியர். பெரிய ரகளை. கடைசியில் டீச்சர் தீர்ப்புச் சொன்னார். ஒரு முழம் மட்டும் எழும்பலாம், உடனே இறங்கிவிட வேண்டும்.

அரங்கத்துக்குத் திரை கட்டுகிற தச்சர், உத்தரத்தில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றின் ஒரு முனையை உம்மணாவின் இடுப்பு வாருக்கும் மறுமுனையை ஒரு மணல் மூட்டைக்கும் கட்டுவதாகத் திட்டம் போட்டார். ஆளும் மூட்டையும் ஏறக்குறைய சமமாக இருந்தால், தச்சர் ஒரு கையால் இழுத்தாலே ஆள் மேலே போய்விடுவார்.

"அண்ணே, உங்க எடை என்ன?" என்று தச்சர் கேட்டார்.

தொழில்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? மறுநாள் உம்மணா தன் எடைமேடைத் தகட்டிலேயே ஏறி நின்றார். லாரியை எடைபோடும் மேடை அது. இருபது இருபது கிலோவாகத்தான் தாவும். எண்பதைக் காட்டலாமா நூறைக் காட்டலாமா என்று எண்கள் தடுமாறின. அவர் கையில் சாப்பாட்டுப் பையும் தண்ணீர்க் குடுவையும் இருந்தன. நூறு என்று முடிவாயிற்று. சாயங்காலம் பேராசிரியர், "நூறா? துல்லியமா பார்த்தீங்களா?" என்று கேட்டார். என் மேடையையே சந்தேகப்படுகிறாரா என்று உம்மணாவுக்குச் சுருக்கென்றது. இருபதுக் கணக்கைச் சொல்ல வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். தச்சர் நூறு கிலோ மணலைக் கட்டிவிட்டார்.

இது போதாதென்று போஸ்டர் வந்தது. அதில் பேராசிரியர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. டாக்டர் பெயர் அதைவிட ஒரு நூல் பெரிய கொட்டை எழுத்தில் இருந்தது. டீச்சர் பெயர் இருந்தது. அரங்கத்தில் வண்டி நிறுத்த இடம் உண்டு என்றுகூட இருந்தது. புவியீர்ப்பாக நடிப்பவர் பெயருக்கு இடம் போதவில்லை. அன்றிலிருந்து உம்மணா சோற்றில் கை வைக்கவில்லை. மனைவி வழக்கம்போல மூடி வைத்தார், வழக்கம்போல எடுத்தும் வைத்தார். இடுப்பு வாரில் இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போட வேண்டியிருந்தது. அதைக் கவனித்த ஒரே ஆள் தச்சர். "அண்ணன் வேஷத்துக்காக உடம்பை இளைக்கிறார்" என்று மெச்சிக்கொண்டார்.

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கல்லூரிக்காரர்கள், அடுத்து டாக்டரிடம் சிகிச்சை பெறுகிறவர்கள் சிலர், அதற்கும் பின்னால் ஓசி டிக்கெட்டில் வந்த லாரி டிரைவர்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் உம்மணாவின் மனைவி, வேன் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு, எப்போது முடியும் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

திரை விலகியது. டாக்டர் வேடத்தில் டீச்சர் நாற்காலியில். நீளமான சோபாவில் சாம்பல் நிற அங்கியோடு உம்மணா. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"உலகம் உண்டான நாள்லேர்ந்து டாக்டர்."

டிரைவர்கள் விசிலடித்தார்கள். டீச்சர் அடுத்த கேள்வியைக் கேட்டார். "எல்லாரையும் ஏன் கீழ தள்ளிவிடுறீங்க?"

உம்மணா எழுந்து உட்கார்ந்தார். பட்டினி கிடந்த குரல். "நான் யாரையும் தள்ளிவிட்டதே இல்லை டாக்டர். கிட்ட வாங்கன்னு கூப்பிடுறேன். அவ்வளவுதான். எனக்கு வேற மாதிரி கூப்பிடத் தெரியலை."

ஒத்திகையில் எத்தனையோ தடவை ஒப்பித்த வசனம். அன்றைக்கு மூன்றாவது வரிசையில் சாவிக்கொத்து நின்றுவிட்டது.

அப்புறம் கடைசிக் காட்சி வந்தது. "இப்ப கனம் குறைஞ்ச மாதிரி இருக்கா?" என்று டீச்சர் கேட்டதும், பக்கத் திரைக்குப் பின்னால் தச்சர் மூட்டையின் கொக்கியை விடுவித்தார். ஒரு முழம் எழும்ப வேண்டிய உம்மணா, "இருக்கு டாக்..." என்பதற்குள் விருட்டென்று மேலே போய், உச்சியில் தொங்கிய திரைத் துணிக்குள் மறைந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் ஆடின. மறுபக்கம் மூட்டை தடதடவென்று இறங்கி, மேடைப் படிக்கட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் ஆப்பு மாதிரி சொருகிக்கொண்டது. தச்சர் அதைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அசையவில்லை.

டீச்சர் சமாளித்தார். கால்களைப் பார்த்து, "இப்ப எப்படி உணர்றீங்க?" என்றார்.

"பசிக்குது" என்றது மேலிருந்து குரல்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பேராசிரியரால் பொறுக்க முடியவில்லை. மேடைக்கு ஓடிவந்து, "பெரியோர்களே, இது கயிறு! கயிற்றோட இழுவிசை! தயவுசெஞ்சு யாரும் தப்பா புரிஞ்சுக்காதீங்க!" என்று இரண்டு கையையும் விரித்தார். இன்னொரு பக்கத்திலிருந்து டாக்டர் பாய்ந்து வந்தார். "மாப்பிள்ளை, அவரை விடுங்க! வாழ்க்கையில இன்னைக்குத்தான் அந்த மனுஷன் லேசா இருக்கார்!"

"லேசாவா? மூட்டையைவிட லேசு, அவ்வளவுதான் மச்சான்!"

"அந்த மூட்டைதான் அவரோட கடந்த காலம்!"

"அதுல இருக்கிறது மணல்!"

ஜனங்கள் இதையும் நாடகம் என்றே நினைத்துக் கை தட்டினார்கள். தொங்குகிறவரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த கால்கள் ஆட்டத்தை நிறுத்தின. இரண்டு கட்டைவிரல்களும் மெல்ல மறுபக்கம் திரும்பின. கோபித்துக்கொண்டுவிட்டார். பாதத்திலும் அது தெரிந்தது.

"சார், கொஞ்சம் இறங்கி வாங்களேன்" என்று டீச்சர் கெஞ்சினார்.

"நான் எதுக்கு இறங்கி வரணும்? ஒவ்வொரு தடவையும் நானேதான் இறங்கி வரணுமா?"

டிரைவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பள்ளிக்கூட வேனின் கடைசி இருக்கை வரைக்கும் கேட்டுப் பழகிய குரல்.

"என்னங்க! இறங்கி வாங்க!"

உம்மணா மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான முதல் வருடத்துக்கு அப்புறம் கேட்காத வார்த்தை. ஆனாலும் உடனே இணங்கினால் அது கோபத்துக்கே அவமானம்.

"போஸ்டர்ல என் பேரு இல்லை."

"அடுத்த தடவை வேன் பின்னாடியே எழுதிடறேன்."

"என் சட்டையை வேன் துடைக்க எடுத்துட்டே."

"வேற வாங்கித் தரேன்."

"அதே கலரா?"

"அந்தக் கலரை யாரும் இப்ப செய்யறதில்லைங்க! கடைக்காரனே வெக்கப்படுவான்!"

அரங்கம் குலுங்கியது. உம்மணா பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று திரைத் துணியை விலக்கிக் கீழே பார்த்தார். அங்கேதான் அவருக்குத் தோல்வி. நேர் கீழே பேராசிரியரின் உச்சந்தலை. காதோரத்திலிருந்து நீளமாக வளர்த்துக் குறுக்கே படியவாரியிருந்த முடி, சண்டையில் எழும்பி, திறந்துவைத்த டப்பா மூடி மாதிரி நின்றது. பக்கத்தில் டாக்டரின் தலை. சுற்றிலும் கருகருவென்று சாயம், கண்ணாடியில் தெரியாத நடு உச்சியில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம். இந்த இரண்டு தலைகளும்தான் இவ்வளவு நாள் உலகத்தை விளக்கிக்கொண்டிருந்தன. உம்மணாவுக்கு வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. பசி என்று நினைத்தார். சிரிப்பு. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு அடக்கமுடியாமல், கயிறு கிடுகிடுக்க, கப்பி கிறீச்சிட, அப்படி ஒரு சிரிப்பு.

தெருக்காரர்கள் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. அவர் மனைவியே ஒரு கணம் யாரோ என்று பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேடை ஏறி, சோபாமேல் நின்று, எட்டி ஒரு காலைப் பிடித்தார். டீச்சர் மறுகாலைப் பிடித்தார். இருவர் பாரம் பத்தவில்லை. "ஏன் நின்னு வேடிக்கை பார்க்குறீங்க? பிடிங்க!" என்று டீச்சர் அதட்டியதில், பேராசிரியரும் டாக்டரும் சண்டையை நிறுத்தி ஆளுக்கொரு கணுக்காலில் தொங்கினார்கள். அவர்கள் இருவரும் ஒரே பக்கம் இழுத்தது அதுதான் முதல் தடவை. சந்திலிருந்து மூட்டை பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஐந்து பேரும் மொத்தமாகச் சோபாவில் விழுந்தார்கள். சோபாவின் காலொன்று மளுக்கென்று முறிந்தது. தச்சர் புத்திசாலி. அந்த நேரம் பார்த்துத் திரையை மூடிவிட்டார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் இருந்த கல்லூரி முதல்வர் உள்ளே வந்து, "கடைசியில அந்தக் குடும்பச் சண்டை ரொம்ப இயல்பா எழுதியிருந்தீங்க" என்று பேராசிரியரின் கையைக் குலுக்கினார். பேராசிரியர் உண்மையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் டாக்டர், "அது நான் எழுதின பகுதி சார்" என்றுவிட்டார்.

திரும்பும்போது எல்லாரும் வேனில் வந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கையில் முழங்கால் மோவாயில் இடிக்க, பின்னால் பேராசிரியர் ஒரு ஜன்னலையும் டாக்டர் மறு ஜன்னலையும் பார்த்தபடி வந்தார்கள். முன்னால் உம்மணா மடியில் ஒரு பெரிய பொட்டலத்தை வைத்துக்கொண்டு விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பின்னாடி ரெண்டு பேரும் கோவமா இருக்காங்க போல."

"விடுங்க சார், தானா சரியாயிடும்."

"ஐயோ, ஆகாது டீச்சர்!" உம்மணா பதறிப்போய்த் திரும்பினார். பொட்டலத்தைப் பின்பக்கம் நீட்டினார். "ப்ரொபசர் சார், கொஞ்சம் எடுத்துக்கோங்க. டாக்டர் சார், நீங்களும்."

"எனக்கு வேண்டாம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமில்லை, கையை நீட்டுங்க" என்றார் உம்மணா.

நாடகம் பிறகு இன்னும் சில அரங்குகளில் நடந்தது. ஒவ்வொரு முறையும் மூட்டையைச் சந்தில் சொருகவைக்கத் தச்சர் தனியாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். போஸ்டரில் உம்மணாவின் சொந்தப் பெயரைப் போட்டார்கள். அது யாருடைய பெயர் என்று தெருவில் ஒருவருக்கும் புரியாததால், அடுத்த போஸ்டரில் அடைப்புக்குள் உம்மணா என்று சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்காக அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் மனைவி வேனைக் கிளப்பியவர், என்ன நினைத்தாரோ, எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வந்து, "சாப்பிட வாங்க" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அவர் சுவரைப் பார்த்தபடி, "வரலை" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.